ஐம்பத்தேழாம் கம்பம் வரை

நெவாடாவின் மாநில நெடுஞ்சாலை 386, மெரிடித் ஊர் பெட்ரோல் பங்க்கின் பக்கவாட்டில் தொடங்கி, வடக்கே ஆல்டனில் மூடிக் கிடக்கும் வெள்ளிச் சுரங்கத்தின் வாசலில் முடியும். நீளம் 71.4 மைல். எட்டாம் மைலிலிருந்து பதினைந்து வரை உப்புத் தரை. அங்கே சாலை நூல் பிடித்த மாதிரி போகும். இருபத்தாறில் ஒரு கணவாய். முப்பத்தொன்றில் சாலைப் பணிமனை. முப்பத்து மூன்றிலிருந்து ஐம்பத்தேழு வரை இரு பக்கமும் பதினான்கு மாட்டுப் பண்ணைகள். அதற்கு மேல் சேஜ் புதரும் காற்றும்தான். அறுபத்து மூன்றில் ஒரு வெந்நீர் ஊற்று உண்டு. ஆல்டனில் ஆள் இருக்கும் வீடுகள் மூன்று. கடைசி மைல் கம்பமான எழுபத்தொன்று, அந்த மூன்றில் ஒன்றான நெட்டி அல்சாகாவின் வீட்டு அடுப்படி ஜன்னலுக்கு நேர் எதிரே நின்றது.

அந்தச் சாலை நெட்டிக்குப் பத்து வயது மூத்தது. 1931-இல் அதை வெட்டியபோது அவள் அப்பா இக்னாசியோ அந்த வேலையாட்களுக்குச் சமையற்காரர். ஐரோப்பாவின் பாஸ்க் நாட்டு மலையிலிருந்து ஆடு மேய்க்க வந்தவர். இரண்டு ஆண்டுகள் ஆடுகளோடு மட்டும் பேசி அலுத்துப்போய், மனிதர்களுக்குச் சமைத்துப் போடலாம் என்று வந்து சேர்ந்தார். பிறகு கரண்டியை வைத்துவிட்டு மண்வெட்டி எடுத்தார்; மண்வெட்டியை வைத்துவிட்டு, சாலையைச் சமன் செய்யும் கிரேடர் ஓட்டினார்; 1946-இல் பணிமனைக்கு மேஸ்திரி ஆனார். 1956-இல் ஐம்பத்தேழாம் மைல் வரையும், 1959-இல் ஆல்டன் வரையும் தார் போட்டதெல்லாம் அவர் காலத்தில்தான்.

நெட்டி 1963-இல் அதே பணிமனையில் வண்டிகளோடு பேசும் வயர்லெஸ்ஸைக் கவனிக்கவும் குறிப்பேடு எழுதவும் சேர்ந்தாள். 1967-இல் சுரங்கம் மூடியது. அவள் கணவர் ரே வடக்கே வேறொரு சுரங்கத்துக்குப் புறப்பட்டார். "ஒரு வாரத்துல வந்துடு" என்றார். அந்த வாரம் பனி கொட்டும் என்று அறிவிப்பு இருந்தது. நெட்டி போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. 1969 ஜனவரியில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர் கணவாயில் கால் முறிந்து விழுந்தார். மாற்று ஆள் வர நான்கு நாள் ஆகும் என்றார்கள். நெட்டி வயர்லெஸ்ஸை அப்பாவிடம் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினாள். நான்காம் நாள் மாற்று ஆள் வந்தபோது கணவாய் திறந்திருந்தது; அவர் ஒரு கோப்பை காப்பி குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். 1976-இல் அவளே மேஸ்திரி ஆனாள். "சமையற்காரர் மகள் மேஸ்திரியாம்" என்று பண்ணைகளில் கொஞ்ச நாள் சிரித்தார்கள். முதல் பனிக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

1994 மார்ச் 14, திங்கட்கிழமை, தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நெடுஞ்சாலை 386-இல் ஒரு நாளைக்குச் சராசரியாகப் பதினேழு வண்டிகள்தான் போகின்றன என்று முந்தைய செப்டம்பரில் எடுத்த கணக்கு சொல்கிறது. நாற்பதுக்குக் குறைந்த சாலைகளை மாநிலம் 1995 ஜனவரி முதல் தேதியோடு கைகழுவப் போகிறது. 386 இனி வட்டார நிர்வாகத்துக்குச் சேரும். வட்டாரத்திடம் பனி தள்ளும் வண்டி ஒன்றுகூட இல்லை என்பதைக் கடிதம் சொல்லவில்லை. நெட்டிக்குத் தெரியும். பனி தள்ளாவிட்டால் நவம்பரிலிருந்து மார்ச் வரை கணவாய் அடைபடும். மெரிடித் பள்ளிக்கூடத்துக்குப் பதினொரு பிள்ளைகளை ஏற்றிப் போகும் பஸ் நிற்கும். முதலில் பிள்ளை உள்ள வீடுகள் காலியாகும். பிறகு மற்றவை.

அவள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். இரண்டாம் முறை அந்தப் பதினேழில் நின்றுவிட்டாள்.

அந்தச் சாலையில் எதிரே வண்டி வந்தால், ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்க வேண்டும். தூக்காதவர் வெளியூர்க்காரர் அல்லது நேற்றைய சண்டையை மறக்காதவர். நெட்டி இருபத்தைந்து ஆண்டுகளாக அந்தச் சாலையில் விரலைத் தூக்கிக்கொண்டிருக்கிறாள். ஒரு நாளில் பதினேழு தடவை மட்டும் தூக்கியதாக அவளுக்கு நினைவில்லை. மழை நாளில்கூட இல்லை.

பணிமனை அலமாரியில் 1946 முதல் ஆண்டுக்கு ஒன்றாக நாற்பத்தெட்டுக் குறிப்பேடுகள் இருந்தன. எண்ணிக்கை எடுத்த வாரங்களை அவள் ஒவ்வொன்றாகத் தேடினாள். சாலையின் குறுக்கே ஒரு கறுப்பு ரப்பர் குழாயைக் கிடத்தி, அதன் ஒரு முனையைச் சங்கிலியால் கட்டிய பெட்டியில் செருகிவிடுவார்கள். சக்கரம் ஏறினால் குழாய்க்குள் காற்று தள்ளும். பெட்டி ஒன்று என்று குறித்துக்கொள்ளும். இரண்டு தள்ளலுக்கு ஒரு வண்டி. நாற்பது ஆண்டுகளில் பதினொரு முறை குழாய் போட்டிருந்தார்கள், பதினொரு முறையும் பணிமனைக்கு எதிரே, முப்பத்தொன்றாம் கம்பத்தில்.

குழாயை எடுத்த 1993 செப்டம்பர் 27-க்கு அடுத்த நாள் அவள் கையெழுத்திலேயே இப்படி இருந்தது: "கம்பம் 31. இரு ஓரமும் சக்கரப் பள்ளம். நாற்பதடி நீளம். மண் இட்டு கிரேடரால் சமன் செய்யப்பட்டது." 1989-ஐ எடுத்தாள். குழாய் எடுத்த மறுநாள், அதே கம்பம், அதே பள்ளம், அதே சமன். 1985. 1981. பதினொரு குறிப்பேட்டிலும் அதே வரி.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு, பள்ளிக்கூட பஸ் ஓட்டும் லீனா மைக் வழக்கம்போலக் காப்பிக்காக நின்றாள். பஸ்ஸுக்குள் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். லீனா ஷோஷோனி என்ற பழங்குடி இனத்தவள். நெட்டியோடு ஒரே வகுப்பில் படித்தவள்.

"லீனா, அந்த எண்ற குழாய் கிடக்கும்போது நீ பஸ்ஸை எப்படி ஓட்டுவே?"

"எப்படின்னா? ஓரத்துல இறக்கிச் சுத்திப் போவேன். எல்லாரும் அப்படித்தானே போறாங்க. பிள்ளைங்க 'பாம்பு, பாம்பு'ன்னு கத்திக்கிட்டுக் காலைத் தூக்கிக்கும். குழாய் வர்ற வருஷத்துல அதுங்களுக்கு அதுதான் திருவிழா."

"ஏன் சுத்திப் போறே?"

லீனா கோப்பையை இறக்கினாள். "ஏன்னா... சுத்தித்தான் போகணும். எங்கப்பா சுத்திப் போனார். நீகூடத்தான் கிரேடரைச் சுத்தி ஓட்டுறே."

"ஆமா. நானும்தான்" என்றாள் நெட்டி. "அந்தப் பதினேழு வண்டியும் யாரு தெரியுமா? எண்ணெய் லாரி. வழி தப்பின சுற்றுலாக்காரன். நம்மாளு ஒருத்தன்கூட அதுல இல்லை. நாப்பது வருஷமா மாநிலம் வெளியூர்க்காரனை மட்டும் எண்ணிட்டுப் போயிருக்கு. நீங்கல்லாம் போட்ட பள்ளத்தை நான் மறுநாளே மண்ணு போட்டு மூடியிருக்கேன்."

லீனா கோப்பையைக் கழுவி வைத்தாள். பிறகு, "கொலையும் செஞ்சு, குழியையும் நீயே மூடியிருக்கே" என்றாள்.

மறு எண்ணிக்கை கேட்டு நெட்டி மூன்று கடிதம் எழுதினாள். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவதில் பதினொரு தேதிகளையும் பதினொரு பள்ளங்களையும் வரிசையாக எழுதி அனுப்பினாள். செப்டம்பர் 12-ஆம் தேதி தொடங்கி ஒரு வாரம், ஒரே ஒரு முறை மீண்டும் எண்ணலாம் என்று பதில் வந்தது.

ஏப்ரல் 23, சனிக்கிழமை மாலை, நாற்பத்து நான்காம் கம்பத்தருகே உள்ள பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் எல்லோரையும் கூப்பிட்டாள். பதினான்கு பண்ணையிலிருந்தும் ஆள் வந்தது. ஆட்டுக்கறியும் பீன்ஸும் ஒரு பெரிய பாத்திரம் நிறைய இருந்ததும் அதற்கு ஒரு காரணம். நெட்டி கடிதத்தைப் படித்தாள். பதினேழு என்றதும் பின்வரிசையில் யாரோ, "என் பொண்டாட்டி ஒருத்தியே பதினேழு தடவை போவாளே" என்றார். அவர் மனைவி அவர் காலை மிதித்தது முன்வரிசை வரை கேட்டது.

"அப்போ நாம ஏன் சுத்திப் போறோம்? யார் சொல்லி?" என்று நெட்டி கேட்டாள்.

எல்லோரும் வெர்ல் ஸ்டோக்ஸைப் பார்த்தார்கள். அவருக்கு எழுபத்தெட்டு வயது. ஐம்பத்தேழாம் மைலில் திரும்பும் கடைசிப் பண்ணை அவருடையது. அதற்குக் கீழே உள்ள நான்கு பண்ணைகள் அவருடைய மகன்களும் மருமகன்களும் நடத்துபவை. அவர் இடப் பக்கம் துப்பினால் அந்த ஐந்து வீடும் இடப் பக்கம் துப்பும்.

"நான் சொல்றேன்" என்றார் வெர்ல். "அறுபத்தொண்ணுல குழாயைப் போட்டு எண்ணினானுங்க. அறுபத்திரண்டுல ராணுவக்காரனுங்க வந்து, 'இங்க ஆளே இல்லையே'ன்னு சொல்லி, குண்டு போட்டுப் பழகக் கிழக்குச் சமவெளி முழுக்க வேலி போட்டானுங்க. என் ரெண்டு ஊத்தும் வேலிக்கு அந்தாண்ட போச்சு. எண்ண விட்டா வேலி வரும். அன்னிலேர்ந்து நான் அந்தக் குழாய்மேல சக்கரம் வைக்கலை. வைக்கவும் மாட்டேன்."

கூட்டம் தலையாட்டியது. நெட்டி பையிலிருந்து ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்தாள். முந்தைய இரவு அவள் அதை இரண்டு தடவை பைக்குள் வைத்து, இரண்டு தடவை வெளியே எடுத்திருந்தாள்.

"இது எங்கப்பா எழுதினது. ஐம்பத்து நாலு, ஆகஸ்ட் 9. 'எண்ணும் குழாய் முதன்முறை வந்தது. புதியது. நான் கையெழுத்திட்டு வாங்கினேன். கிழிந்தால் என் பொறுப்பு. எல்லோரிடமும் ஓரமாகச் சுற்றிப் போகச் சொல்லிவிட்டேன். நல்லவர்கள். ஒருவர்கூட மேலே ஏற்றவில்லை.'"

கட்டடமே குலுங்கும்படி சிரிப்பு எழுந்தது. லீனா மேசையில் கவிழ்ந்தே விட்டாள். "நல்லவங்களாம்! ஒருத்தர்கூட ஏத்தலையாம்!" ரப்பர் குழாய் நைந்துவிடக் கூடாதே என்று ஒரு பாஸ்க் சமையற்காரர் கேட்டுக்கொண்டார், அண்டை வீட்டாரும் மரியாதைக்குச் சுற்றிப் போனார்கள், அந்த மரியாதை நாற்பது ஆண்டு ஓடியிருக்கிறது.

நெட்டி சிரிக்கவில்லை. "தப்பு எங்க வீட்டுல ஆரம்பிச்சது. அதை நான் மறைக்கப் போறதில்லை. வெர்ல், இதையும் கேளுங்க. அறுபத்தொண்ணு, ஆகஸ்ட். 'குழாய் எடுக்கப்பட்டது. இரு ஓரமும் ஆழமான பள்ளம். ஏழு வண்டி மண்.' அந்த வருஷமும் நீங்க எல்லாரும் சுத்தித்தான் போயிருக்கீங்க. அவங்க உங்களை எண்ணிட்டு வேலி போடலை. எண்ணாமப் போட்டாங்க. ஆளே இல்லைன்னு அந்தப் பெட்டிதான் சொல்லியிருக்கு."

சிரிப்பு நின்றது. வெர்லின் முகம் காய்ந்த உப்புத் தரை மாதிரி ஆனது. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

"ஏழு வண்டி மண்ணு போட்டு மூடாம இருந்திருந்தா எவனாவது அந்தப் பள்ளத்தைப் பார்த்திருப்பான். உங்கப்பனுக்கு ரோடு எப்பவும் பளபளன்னு இருக்கணும்" என்றார். பிறகு மகன்கள், மருமகன்கள் பின்தொடர வெளியே போனார். அவர்களில் ஒருவர் போகிற போக்கில் இன்னொரு கரண்டி கறி எடுத்துக்கொண்டார்.

மீதியிருந்தவர்கள் குழாய்மேல் ஏற்றுவதாக ஒப்புக்கொண்டார்கள். லீனா கையைத் தூக்கினாள். "வெர்ல் வரலைன்னா என்ன? நான் பஸ்ஸை முன்னயும் பின்னயும் பத்து தடவை ஓட்டிடறேன். பிள்ளைங்களுக்கும் கொண்டாட்டம்."

"வேணாம்."

"அட, யாருக்குத் தெரியப் போகுது?"

"எப்பவும் எப்படிப் போவீங்களோ அப்படிப் போங்க. ஒண்ணு கூடவும் வேணாம், ஒண்ணு குறையவும் வேணாம். நாப்பது வருஷம் பொய்க் கணக்கு குடுத்தாச்சு. இன்னொரு பொய்யைக் குடுத்து அதைச் சரி பண்ண முடியாது."

"நீ உங்கப்பா மகதான்" என்றாள் லீனா. அது பாராட்டு இல்லை.

செப்டம்பர் 12, திங்கட்கிழமை காலை, டேரன் என்ற இளம் பொறியாளர் வந்தார். முப்பத்தொன்றாம் கம்பத்தில் ஆணி அடித்துக் குழாயை இறுக்கினார். பெட்டியைப் பூட்டினார். ஒரு படிவத்தை நெட்டியிடம் நீட்டினார். அதில் ஒரு வரி: "இந்த எண்ணிக்கை 0 முதல் 71.4 மைல் வரை முழுச் சாலைக்கும் பொருந்தும்." கீழே மேஸ்திரியின் கையெழுத்துக்கு இடம்.

நெட்டி பேனாவைத் திறந்தாள். மூடினாள்.

"இது பொருந்தாதுங்க தம்பி."

"வழக்கமா இப்படித்தாங்க போடுவோம். ஒரு ரோட்டுக்கு ஒரு குழாய்."

"ஐம்பத்தேழுல கடைசிப் பண்ணை திரும்பிடும். அதுக்கு மேல போறது தபால் வண்டியும் மூணு வீட்டுக்காரங்களும்தான். இங்க எண்றதை அங்க போறதா எழுத முடியாது. உங்க வண்டியில இன்னொரு குழாய் இருக்குமே?"

"இருக்கு." டேரன் தயங்கினார். "உங்க வீடு எங்கம்மா?"

"எழுபத்தொண்ணுல."

அவர் சாலையைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், பிறகு தன் பூட்ஸைப் பார்த்தார். "அம்மா, ஒரே குழாய்னா, நாப்பது தாண்டினா முழு ரோடும் நிக்கும். ரெண்டு போட்டா மேல் பாதியைத் தனியா வெட்டிடுவாங்க. நீங்க சொன்னதை நான் காதுல வாங்கலைன்னு வச்சுக்கவா?"

"வாங்கிட்டீங்களே" என்றாள் நெட்டி.

இரண்டாவது குழாய் ஐம்பத்தெட்டாம் கம்பத்தில் கிடத்தப்பட்டது. படிவத்தில் 71.4-ஐ அடித்து 57 என்று எழுதி, அருகே தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டாள். அன்று மாலை அதைக் கேட்ட லீனா வாயில் வந்தபடி திட்டினாள். "பஸ்ஸைப் பத்து தடவை ஓட்டுறதுதான் பொய். இது பொய்யா? ஒரு கையெழுத்து! சும்மா இருந்திருந்தா போதும்!" நெட்டிக்கு அந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதைத்தான் பதிலாகச் சொன்னாள்.

அந்த வாரம் முப்பத்தொன்றாம் கம்பத்தைச் சுற்றித் தார் விரிசல் அடைக்கும் வேலையைத் தனக்கே ஒதுக்கிக்கொண்டாள். விரிசலில் தாரை ஊற்றிக்கொண்டே வண்டிகளைக் குறித்தாள். பஸ் முதன்முறை குழாய்மேல் நேராக ஏறியபோது பதினொரு பிள்ளைகளும் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு கத்தினார்கள். பண்ணைக்காரர்கள் சிலர் பழக்க தோஷத்தில் ஓரத்தில் பாதி இறங்கி, தலையில் அடித்துக்கொண்டு, பின்னால் எடுத்து மறுபடி ஏற்றினார்கள். ஒருவர் குழாய்க்கு முன்னால் வண்டியை நிறுத்தி, "வலிக்காதுல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆனால் வெர்லின் ஐந்து வீட்டு வண்டிகளும் ஓரத்தில் இறங்கின. நாளுக்குச் சுமார் இருபது தடவை. ஒவ்வொரு முறையும் புழுதி எழுந்து அவள் மேல் படிந்தது. விரலை மட்டும் எல்லோரும் தவறாமல் தூக்கினார்கள்.

புதன்கிழமை மாலை நெட்டி கூட்டிப் பார்த்தாள். மூன்று நாளில் நூற்றெட்டு. நாளுக்கு முப்பத்தாறு. இப்படியே போனால் நாற்பது எட்டாது. லீனா பஸ்ஸை நிறுத்தி, குழாயைக் காட்டிப் பத்து விரலையும் விரித்தாள். நெட்டி தலையை அசைத்து மறுத்தாள். பிறகு தன் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு ஐம்பத்தேழுக்குப் போனாள்.

வெர்ல் தொழுவத்தில் ஒரு கன்றுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார். நெட்டி கதவுக்கு வெளியிலேயே நின்றாள்.

"கெஞ்ச வந்தியா?" என்றார்.

"இல்லை. ஒரு விஷயம் பின்னால நீங்களா தெரிஞ்சுக்கிட்டா நான் மறைச்சதா ஆயிடும், நானே சொல்லிடறேன். ஐம்பத்தெட்டுல ஒரு குழாய் போட்டிருக்கு. என் வீட்டுப் பக்கம் எப்படியும் போயிடும். கீழ் பக்கம் நின்னா உங்க வாசல் வரைக்கும் நிக்கும். எனக்காகக் கேக்கறேன்னு நீங்க நினைச்சிடக் கூடாது."

வெர்ல் கன்றை விட்டார். "உன் வீட்டை நீயே வெட்டிவிட்டியா?"

"நான் வெட்டலை. அங்க ஆளில்லை. அவ்வளவுதான்."

"ஆளில்லைன்னு சொல்லித்தான் என் ஊத்தை எடுத்தானுங்க."

"அங்க ஆளிருந்தது வெர்ல். நீங்க இருந்தீங்க. இன்னிக்கும் இருக்கீங்க. இருக்கறவங்க இருக்கேன்னு சொல்லணும். இல்லாத இடத்தை இல்லைன்னு சொல்லணும். எனக்கு வேற கணக்கு தெரியாது."

வெர்ல் சட்டையைத் துடைத்துக்கொண்டார். கன்று மருந்தில் பாதியை அவர் சட்டையில் துப்பியிருந்தது. நெட்டி வீட்டுக்குப் போனாள்.

வியாழக்கிழமை காலை ஏழே காலுக்கு, வெர்லின் நீல பிக்கப் தெற்கு நோக்கி வந்தது. பின்னால் குதிரை ஏற்றும் டிரெய்லர் கோத்திருந்தது. அதற்குப் பின்னால் வரிசையாக மூன்று வண்டிகள். குழாய்க்கு முப்பதடி முன்னால் வெர்ல் நின்றார். பின்னால் இருந்தவர்களும் நின்றார்கள். நெட்டி தார் வாளியைக் கீழே வைக்கவில்லை. நடுச்சாலையில் ஏழு நிமிடம் அப்படியே நின்றார்கள். பின்னால் வந்த எண்ணெய் லாரிக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்து ஓய்ந்தார். பிறகு நீல வண்டி, முட்டை மேல் ஏறுகிற மாதிரி, முன் சக்கரத்தைக் குழாய்மேல் வைத்தது. பின் சக்கரம். டிரெய்லரின் இரண்டு ஜோடிச் சக்கரங்கள். வெர்ல் இறங்கி வந்து குழாயை ஓங்கி ஓர் உதை உதைத்தார்.

"இப்போ எத்தனை எழுதிச்சு?"

"வண்டியும் டிரெய்லரும் நாலு அச்சு. ரெண்டுன்னு எழுதியிருக்கும்" என்றாள் நெட்டி.

"நான் ஒரு ஆள்தானே போனேன்?"

"எல்லா ஊர்லயும் அப்படித்தான் எண்றாங்க. அதை நான் மாத்த முடியாது."

"குதிரைக்கும் சேர்த்துன்னு வச்சுக்க." அவர் வண்டியில் ஏறிக்கொண்டார். "நவம்பர்ல முந்நூறு மாட்டை இந்த வழியா ஓட்டுவேனே, அப்போ இருந்திருக்கணும் உன் பெட்டி. திணறிச் செத்திருக்கும்." மூன்று வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் குழாய்மேல் ஏறிப் போயின.

திங்கட்கிழமை டேரன் பெட்டிகளைத் திறந்தார். முப்பத்தொன்றாம் கம்பத்தில் 658 அச்சு, 329 வண்டி, நாளுக்கு 47. ஐம்பத்தெட்டாம் கம்பத்தில் 84 அச்சு, 42 வண்டி, நாளுக்கு 6. அந்த ஆறில் இரண்டு நெட்டியே. நவம்பர் 7-ஆம் தேதி தலைமை அலுவலகத்தின் முடிவு வந்தது. மெரிடித்திலிருந்து ஐம்பத்தேழாம் மைல் வரை மாநில நெடுஞ்சாலையாகவே நீடிக்கும். பனி தள்ளுவது தொடரும். மீதி 14.4 மைல் ஜனவரி முதல் தேதியிலிருந்து மாநிலத்துடையது அல்ல. அங்குள்ள மாநிலச் சொத்துகளை மேஸ்திரி மீட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும்.

டிசம்பர் 29, 30 ஆகிய இரண்டு நாளும் நெட்டி ஐம்பத்தெட்டிலிருந்து எழுபத்தொன்று வரை பதினான்கு கம்பங்களையும் பிடுங்கினாள். மண் உறைந்திருந்ததால் கடப்பாரையால் குத்தித் தளர்த்த வேண்டியிருந்தது. லீனா, கேட்காமலேயே, இரண்டாம் நாள் வந்து மறுமுனையைப் பிடித்தாள். எழுபத்தொன்றாம் கம்பத்தை அசைக்கும்போது லீனா, "இதை மட்டும் விட்டுடேன்டி. உன் ஜன்னலுக்கு அழகா இருக்கு. ஒரு கம்பம் தொலைஞ்சதுன்னு எழுதிக்கோ" என்றாள்.

"தொலையலையே" என்றாள் நெட்டி. குழியை மூடி, மண்ணை மிதித்துச் சமன் செய்தாள். பதினான்கையும் ஏற்றி அனுப்பி ரசீது வாங்கினாள்.

இதற்கிடையே மெரிடித்தில் ஒரு பழைய பனி தள்ளும் தகட்டை வாங்கித் தன் பிக்கப்பின் மூக்கில் மாட்டியிருந்தாள். ஜனவரி 5, வியாழக்கிழமை, முதல் பெரும் பனி விழுந்தது. பதினோரு அங்குலம். நெட்டி வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாக எழுந்தாள். ஆல்டனின் மற்ற இரண்டு வீட்டு வாசலையும் முதலில் தள்ளினாள். பிறகு கம்பங்கள் இல்லாத சாலையில், எங்கே எந்தக் கம்பம் இருந்தது என்று அறிந்தவளாய், 14.4 மைலையும் தள்ளிக்கொண்டு வந்தாள். ஐம்பத்தேழாம் கம்பத்தில் தகட்டைத் தூக்கினாள். சங்கிலி சுற்றிய சக்கரங்களோடு பனிமேலேயே ஊர்ந்து பணிமனைக்குப் போய், சொந்த வண்டியை நிறுத்திவிட்டு, மாநிலத்தின் பெரிய வண்டியில் ஏறி முதலில் கணவாயைத் திறந்தாள். பிறகு வடக்கே திரும்பி ஐம்பத்தேழு வரை வந்து, கம்பத்தைச் சுற்றி வண்டியைத் திருப்பினாள்.

வெர்ல் தன் வாசலில் நின்று இதைப் பார்த்தார். கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏம்மா, இந்த யானையை வச்சுக்கிட்டு இங்க திரும்புறே. இன்னும் பதினாலு மைல் போனா உன் வீடு. அந்தப் பொம்மை வண்டியை வச்சுக்கிட்டுக் காலங்காத்தால மல்லுக்கட்டணுமா? எவன் இங்க வந்து எண்ணப் போறான்?"

"இருக்கேனே நான்" என்றாள் நெட்டி.

வெர்ல் பனியை உதைத்தார். "சாயங்காலம் மறுபடி விழும்ங்கறாங்க. என் டிராக்டர் சும்மாத்தான் கிடக்கு. அது என் டிராக்டர், என் டீசல். வெந்நீர் ஊத்து வரைக்கும் போகும். அதை எந்தக் குறிப்பேட்டுலயும் எழுதாதே."

"எழுதுவேன்" என்றாள் அவள். எழுதினாள். பணிமனைக் குறிப்பேட்டில் அல்ல, அது மாநிலத்துடையது. ஆல்டனில் அடுப்படி மேசையில் அன்று தொடங்கிய புதுக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில்: "1995 ஜனவரி 5. பனி 11 அங்குலம். 71.4 முதல் 57 வரை, சொந்த வண்டி, 2 மணி 40 நிமிடம். மாலை: 57 முதல் 63 வரை, வெர்ல் ஸ்டோக்ஸ், சொந்த டிராக்டர்."

1999-இல் நெட்டி பணி ஓய்வு பெற்றாள். பணிமனையின் ஐம்பத்து நான்கு குறிப்பேடுகளையும் அடுத்த மேஸ்திரியிடம் எண்ணி ஒப்படைத்தாள். ஆல்டன் குறிப்பேட்டை அவள் நிறுத்தவில்லை. வெர்ல் இறந்த பிறகு ஊற்று வரை வருவது அவருடைய மருமகன், அன்று பள்ளிக்கூடக் கூட்டத்தில் போகிற போக்கில் கறி எடுத்துக்கொண்டவர். அவர் எழுத வேண்டாம் என்று சொல்வதில்லை. நேரத்தைச் சரியாகக் குறித்தாயா என்று மட்டும் கேட்பார்.